கிறீச்

வெங்காயம் ஏற்றும் ஒரு பிக்கப் வண்டியின் அடியில், குலுக்கலைத் தாங்கும் இரண்டு இரும்பு வில் பட்டைகள் அண்ணன் தம்பியாக ஒட்டிப் படுத்திருந்தன. அண்ணனுடைய முனைச் சுருளுக்குள் புஷ் என்கிற சின்ன ரப்பர் வளையம் ஒன்று குடியிருந்தது.

பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் வண்டி "கிறீச்" என்றது.

"இந்தத் தம்பிப் பயதான் என்மேல உரசி மானத்தை வாங்குறான்" என்றது அண்ணன்.

"நான் இல்லண்ணே" என்றது தம்பி.

"வாயை மூடு. காயலாங்கடைக்குத்தான் நீ லாயக்கு."

மெக்கானிக் சவரிமுத்துவும் அப்படியே நினைத்து, தம்பியைக் கழற்றிப் பழைய இரும்புக் குவியலில் போட்டார். பின்பக்கம் ஏறி நின்று வண்டியை அமுக்கிப் பார்த்தார்.

"கிறீச்!"

அண்ணனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. உரசுவதற்குத்தான் யாருமே இல்லையே!

"நான்தாங்க," என்றது உள்ளேயிருந்த புஷ். "தேய்ஞ்சு ரொம்ப நாளாச்சு."

"அடப்பாவி! ஏன் சொல்லல?"

"நீங்க எங்க கேட்டீங்க? தம்பின்னு முடிவே பண்ணிட்டீங்களே."

சவரிமுத்து சத்தம் வந்த சுருளைக் குனிந்து பார்த்து, தேய்ந்ததை எடுத்துவிட்டுப் புது புஷ் அடித்து, தம்பியைப் பழைய இடத்திலேயே மாட்டினார். வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறியது. ஒரு சத்தமும் இல்லை.

"தம்பி, ஏதாவது பேசேன்டா" என்றது அண்ணன்.

ஊர் போய்ச் சேரும்வரை தம்பி பேசவேயில்லை.