பந்தடிக்கிற மருமகள்

"ஒலகத்துல எந்த வீட்டுலயாவது கல்யாணமான பொம்பள போனும் கையுமா பந்தடிச்சிட்டுக் கெடப்பாளா?"

லோகநாயகியின் குரல் தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும். மருமகள் நிவேதா தோசைக்கல்லையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழுதுவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

விஷயம் இவ்வளவுதான். குற்றாலத்தில் சீசனை ஒட்டி மொபைல் கேம் போட்டி. வீட்டிலிருந்தே ஆடி ஆடி நிவேதா இறுதிச் சுற்றுக்கு வந்துவிட்டாள். நாளைக்கு நேரில் போய் ஆடணும். ஜெயித்தால் சென்னையில் மாநிலப் போட்டி. கல்யாணமாகித் தென்காசிக்கு வந்த பிறகு, அவளுக்கென்று மிச்சம் இருந்தது இந்த விளையாட்டு ஒன்றுதான்.

புருஷன் சந்தோஷ்குமார் வாயே திறக்கவில்லை. தோசை உள்ளே போக மட்டும் திறந்தான்.

மாமனார் நமசிவாயம் தொண்டையைச் செருமினார். அவர் செருமினால் அடுத்து வருவது 'வேண்டாம்' என்ற வார்த்தைதான். அதை ஒரு தரம் சொல்லிவிட்டாரென்றால் அந்த வீட்டில் அப்புறம் அப்பீல் கிடையாது.

அதற்குள் லோகநாயகி மறுபடியும் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, ஒன்ன அங்கன யாரு கூட்டிட்டுப் போவா? ஒம் புருசனுக்கு ஞாயித்துக்கெழமயும் ஜவுளிக்கட. ஒங்க மாமாவுக்குச் சாரல்ல வண்டி ஓட்டப் பயம். சீசன் கூட்டத்தப் பாத்தாலே கையி நடுங்கும். பேசாம கெட."

"யாருக்குப் பயம்?" நமசிவாயம் தட்டை நகர்த்தி வைத்தார். "ஒன்னப் பொண்ணு பாக்கவே கொட்டுத மழையில அந்த ரோட்டுலதான் வந்தேன். எம்மா நிவேதா, காலையில கெளம்பி இரு."

நிவேதாவுக்குச் சந்தோஷம்தான். இருந்தாலும் அத்தை பேசின பேச்சு நெஞ்சை அறுத்தது. போட்டிக்குப் போகிறவளை இப்படியா கரித்துக்கொட்டி அனுப்புவார்கள்? நல்ல வார்த்தை ஒன்று சொன்னால் முத்தா உதிர்ந்துவிடும்?

மறுநாள் குற்றாலத்தில் மண்டபம் நிறைய இளவட்டங்கள். பெரிய திரையில் ஆட்டம் ஓடியது.

திரையில் ஆளுக்கொரு பொம்மை, அதன் கையில் ஒரு மட்டை. எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஒரு நெருப்புப் பந்து. உன்னைத் தேடி வந்தால், சரியான நேரத்தில் மட்டையால் திருப்பி அடிக்கணும். தவறவிட்டால் அவுட். நீ யாரைப் பார்த்துத் திரும்பி அடிக்கிறாயோ, பந்து அவர்களைத் தேடிப் போகும். ஒவ்வொரு அடிக்கும் வேகம் கூடிக்கொண்டே போகும்.

கடைசியில் மூன்று பேர் மிஞ்சினார்கள். நிவேதா, வடகரை உவைஸ், வீரகேரளம்புதூர் ஸ்ரீதேவி.

திரையில் நிவேதா ஸ்ரீதேவியையே முறைத்துக்கொண்டு நின்றாள். அடி மேல் அடியாக அவளுக்கே அனுப்பினாள். இது பொம்பளைகள் சண்டை, நமக்கென்ன என்று உவைஸ் அசந்த நேரம், விரல் லேசாகத் திரும்பியது. பந்து அவன்மேல் போய் விழுந்தது. அவன் அவுட். பதறிப்போன ஸ்ரீதேவி அடுத்த பந்தையே கோட்டைவிட்டாள்.

மண்டபம் அதிர்ந்தது. நமசிவாயம் பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஆளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

உவைஸ் ஓடி வந்தான். "எக்கா, நீங்க அவளத்தான பாத்துக்கிட்டு நின்னிய? நான் அசந்துட்டேன்."

"நீ அசரணும்னுதான் தம்பி அவளப் பாத்தேன்."

வீட்டு வாசலில் லோகநாயகி இடுப்பில் கைவைத்து நின்றாள். பின்னால் சந்தோஷ்குமார், அப்போதுதான் கடையிலிருந்து வந்தவன்.

"ஜெயிச்சிட்டாளாக்கும்? இனி மெட்ராசுக்குப் போவணும்பா." மருமகளை மேலும் கீழும் பார்த்தாள். "எம் மவன் லீவு போட்டுக் கூட்டிட்டுப் போவான்னு கனவு காணாத. மொதலாளி முன்னால நின்னு வாயத் தொறக்க அவனுக்கு ஏது தைரியம்?"

"எனக்கு என்னம்மா பயம்?" சந்தோஷ்குமாருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. "ரெண்டு நாளு லீவுதான? இப்பமே கேக்கேன்." போனை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினான்.

நிவேதா திகைத்துப்போய் அத்தையைப் பார்த்தாள். அத்தையின் கண் இன்னும் இவளைத்தான் முறைத்துக்கொண்டிருந்தது. நேற்று தோசைக்கல் முன்னால் நின்று வாங்கின திட்டு ஒவ்வொன்றும் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சிரிப்புப் பீறிட்டுக்கொண்டு வர, முகத்தைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குள் ஓடினாள்.

லோகநாயகி அதே முறைப்போடு பின்னாலேயே வந்து, குரலைத் தாழ்த்தினாள்.

"சிரிச்சுக் காரியத்தக் கெடுத்துராதட்டீ. கண்ணத் தொடச்சிக்கிட்டு வெளிய போயி நில்லு. ஒங்க மாமா ரயில் டிக்கெட்ட எடுக்குத வரைக்கும் நீ அழுதவளாத்தான் இருக்கணும்."