மாதிரித் தையல்

"வலையில பேர் இல்லாதவளை யார் தேடி வருவாங்க?" என்று மைனா யாரிடமோ சொன்னது தையல்சிட்டின் காதில் விழுந்தது. அந்தக் கொய்யாத் தோப்பில் அதைப்போல இலை தைத்துக் கூடு கட்டுபவர் யாருமில்லை. ஆனால் அதைத் தானாகப் போய் யாரிடமும் சொன்னதில்லை.

மறுநாளே, தோப்பில் வேலை தெரிந்தவர்களின் பேரைத் தன் வலையில் பின்னிக் காட்டும் சிலந்தியிடம் போய் நின்றது.

"பேர் பின்னிடலாம் தங்கச்சி. செஞ்ச வேலைக்கு மாதிரி வேணுமே?"

"என் கூடு மட்டும்தான் இருக்கு அண்ணே."

"அதுல ஒரு தையல் போதும்."

சிட்டு தன் கூட்டிலிருந்து ஒரு நூலை உருவிக் கொடுத்தது. சிலந்தி அதை நடுவில் தொங்கவிட்டு, "முட்டை விழாத கூடு" என்று கீழே பின்னியது. "பார்க்கிறவங்க புதுசு கேட்கிறாங்க" என்று தினமும் ஒரு நூல் கேட்டது. முட்டையிட்ட பிறகும் சிட்டு கொடுத்தது.

ஐந்தாம் நாள் அடித்த காற்றில் இலை பிரிந்து, மூன்று முட்டைகளும் கீழே விழுந்து உடைந்தன.

அன்று மதியமே தேன்சிட்டு ஒன்று தேடி வந்தது. "வலையில பார்த்தேன் அக்கா. முட்டை விழாத கூடு நீங்கதானே தைப்பீங்க?"

தையல்சிட்டு வலைக்குப் பறந்தது. தன் நூல்களை ஒவ்வொன்றாக உருவி எடுத்து வந்து, பழைய துளைகளைத் தேடித் தேடி அந்தக் காலி இலையைத் தைத்தது.