பின்னறைக் கதவு

"இந்தத் தடவை கீழ்ப் பலகையையே பேத்துட்டான்" என்றாள் மனைவி. கூடத்தில் சிதறிக் கிடந்த மரச்சிராய்களைக் கூட்டி முறத்தில் அள்ளினாள்.

தையல்காரர் சுத்தியலையும் ஆணியையும் எடுத்து வைத்துக்கொண்டார். பின்னறைக் கதவில் விழுந்திருந்த ஓட்டையின் மேல் ஒரு பிளைவுட் துண்டை வைத்து அழுத்திப் பார்த்தார். துணி வெட்டும் மேசையிலிருந்து கழற்றியது.

முதல் தடவை கதவு உடைந்தபோது அவள் சங்கிலி போனது. அடுத்த தடவை மிக்ஸி. நேற்றுப் போனது, யாரோ ஒரு கல்யாண மாப்பிள்ளை தைக்கக் கொடுத்திருந்த கோட்டுத் துணி. அந்தப் பையன் வந்து கேட்டால் எந்த முகத்தோடு நிற்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"கான்ட்ராக்டரை வரச் சொல்லியிருக்கேன்" என்றாள் அவள்.

"யாரைக் கேட்டுச் சொன்னே?"

"உங்களைக் கேட்டா சரின்னு சொல்லிடுவீங்களாக்கும்!"

அவர் மேலே பேசுவதற்குள் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. கான்ட்ராக்டர் உள்ளே வந்து கதவு நிலையை விரலால் தட்டினார். நகத்தால் சுரண்டினார். மரம் மாவாக உதிர்ந்தது.

"சுத்தமா உளுத்துப் போச்சுங்க. ஒட்டுப் போட்டெல்லாம் நிக்காது. நிலையோட பேத்து எடுத்துட்டு இரும்புக் கதவு போட்டுடலாம். அப்புறம் எந்தத் திருடன் வர்றான்னு பாத்துடலாம். ஆமா, போலீஸ்ல சொன்னீங்களா?"

மனைவி குனிந்து மறுபடி கூட்ட ஆரம்பித்தாள்.

"அதுவும் சரிதான், சொல்லி மட்டும் என்ன ஆகப் போகுது" என்று அவரே முடித்துக்கொண்டார். "நாளைக்குக் காலைல ஆளோட வந்துடுறேன். அந்த ரூமை மட்டும் காலி பண்ணி வச்சிடுங்க."

"காலி பண்ண முடியாது" என்றார் தையல்காரர்.

"அவ்ளோ சாமானா?" கான்ட்ராக்டர் சிரித்தார்.

"முடியாதுங்க. நானே பாத்துக்கிறேன்."

கான்ட்ராக்டர் பிளைவுட் துண்டைப் பார்த்தார். மனைவியின் முகத்தைப் பார்த்தார். "உங்க இஷ்டம்" என்று கிளம்பிவிட்டார்.

அவர் தெரு திரும்பும்வரை பொறுத்திருந்தாள் மனைவி. "சட்டைக்குப் பட்டன் வைக்கிற மாதிரி ஆணி அடிக்கிறீங்க. ஒரு வாரம் தாங்குதா? வேலை தெரிஞ்ச ஆளு செஞ்சா கெட்டியா இருக்கும்ல?"

"வெளியாளு இங்க வேணாம்."

"அப்ப நான் எப்பத்தான் கண்ணை மூடித் தூங்குறது?"

அவர் மறுபடி கதவின் பக்கம் திரும்பினார். ஆணியை வைத்துச் சுத்தியலை ஓங்கினார். ஆணி வளைந்தது. இன்னொன்றை வைத்தார். அது உளுத்த மரத்தில் சத்தமில்லாமல் இறங்கி, பிடிப்பில்லாமல் ஆடியது. அடுத்த அடி கட்டை விரலில் விழுந்தது.

சுத்தியலைக் கீழே போட்டுவிட்டுக் கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தார். அவள் ஈரத்துணியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்து விரலைச் சுற்றிக் கட்டினாள். தைக்கும்போது துணியைப் பிடிக்கிற விரல். இருவருக்கும் அழுகை வரவில்லை. அதெல்லாம் எப்போதோ தீர்ந்து போயிருந்தது.

"என்னால முடியல" என்றார், ரொம்பத் தாழ்ந்த குரலில்.

அப்போது அவர் முதுகுக்குப் பின்னால், கதவின் அந்தப் பக்கத்திலிருந்து, ஒரு குரல் கேட்டது.

"அப்பா... அந்த ஆளையே கூப்பிடுங்க. ஒடம்பு போதை கேட்டுச்சுன்னா, நீங்க அடிச்சத நான் ஒடச்சிடுவேன்."