தோளைத் தட்டவில்லை

கப்பலிலிருந்து முதல் வெடி போட்டதும், இங்கிலாந்துக் கடற்கரையில் இருக்கும் டீல் ஊர் ஜன்னல்களெல்லாம் கடகடத்தன. சாராயக் கடையில் இருந்த மாலுமிகள் பாதிக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டுக் கரைக்கு ஓடினார்கள். ஒபதியா மட்டும் தன் வீட்டில் அசையாமல் உட்கார்ந்திருந்தான். இடது கையை மேசைமேல் பரப்பி வைத்துக்கொண்டு, வலது கையால் பட்டாணிக் கஞ்சியை நிதானமாக அள்ளிக் குடித்துக்கொண்டிருந்தான்.

திமிர் ஒன்றுமில்லை. இருபது வருஷமாகக் கப்பலில் பீரங்கி சுடுகிறவனுக்குக் காது எங்கே மிஞ்சும்? அதனால் வீட்டில் ஓர் ஏற்பாடு. சாதகமான காற்று வந்து, வெடி போட்டுக் கப்பல் ஆட்களைக் கூப்பிட்டால், அவன் மனைவி கெசியா வந்து தோளைத் தட்ட வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து ஆறு பயணத்துக்கும் தட்டியிருக்கிறாள்.

அன்று தட்டவில்லை.

"காத்து வாடைக்குத் திரும்பிடுச்சா?" என்று கத்தினான் ஒபதியா. தன் குரல் தனக்கே கேட்காததால் எதையும் கத்தித்தான் சொல்வான்.

தன் உதட்டசைவைப் பார்த்து அவன் புரிந்துகொள்ளும்படி கெசியா நேராகத் திரும்பினாள். "இல்ல. இன்னும் எதிர்க்காத்துதான். நீ சாப்பிடு."

சொன்ன வாய் கூசியது. ஜன்னல் திரையை அவள்தான் இழுத்து மூடியிருந்தாள். திரைக்கு அந்தப் பக்கம், கப்பலின் முன் பாய்மரத்தில், இன்று புறப்பாடு என்பதற்கு அடையாளமாக, வெள்ளைச் சதுரம் வைத்த நீலக்கொடி காலையிலேயே ஏறியிருந்தது.

போன தடவை போனவன் இரண்டரை வருஷம் கழித்துத்தான் வந்தான். இடையில் ஒரு பெண் குழந்தை பிறந்து, தவழ்ந்து, காய்ச்சலில் போய்ச் சேர்ந்தது. அதன் முகத்தைக்கூட அவன் பார்க்கவில்லை. இப்போது கெசியாவுக்கு மறுபடி ஏழாம் மாதம்.

இரண்டாவது வெடி. அது அடங்குவதற்குள் பக்கத்து வீட்டு டாம்சின் மூச்சிரைக்க உள்ளே வந்தாள்.

"ஏன்டி, உன் புருஷன் என்ன, விருந்தா சாப்பிடுறான்? கடைசிப் படகு கிளம்புதுடி!"

கெசியா ஒபதியாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். "நான் தட்டலக்கா."

டாம்சினுக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. புரிந்ததும் நேரே மேசைப் பக்கம் நடந்தாள். கெசியா அவள் கையை எட்டிப் பிடித்தாள்.

"உன் காலைப் பிடிச்சுக் கேக்குறேன், வேண்டாங்கா."

"கப்பலை விட்டவனை இனி எவன்டி வேலைக்கு எடுப்பான்? ஓடுகாலின்னு ஊரே சொல்லும். காது கேக்காதவனை இப்படி ஏமாத்துறியே, வெக்கமா இல்ல உனக்கு?"

"இருக்குக்கா."

டாம்சின் கையை உதறிக்கொண்டு வெளியே போனாள். ஒபதியா ரொட்டித் துண்டால் கிண்ணத்தை வழித்துக்கொண்டிருந்தான். "அவ எதுக்கு வந்தா?" என்று கேட்டான்.

"உப்பு கேட்டு வந்தா."

மூன்றாவது வெடியும் போட்டார்கள். கெசியா அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். தன்னை நம்பி உட்கார்ந்திருக்கும் மனுஷனைப் பார்க்க அவளுக்கு முகமில்லை. ஆறு தடவை தட்டிய கையை இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணிக்குள் ஒளித்துக்கொண்டாள். ஓடிப் போய்த் தட்டிவிடலாமா என்று இரண்டு தரம் நினைத்தாள், தட்டவில்லை.

அரை மணி நேரம் அப்படியே போயிற்று. அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை. திரையைச் சரேலென்று விலக்கிவிட்டு, அவன் முன்னால் வந்து மண்டியிட்டாள். வெளியே கப்பல் பாய் விரித்துத் தூரத்தில் போய்க்கொண்டிருந்தது.

"மூணு தடவை வெடி போட்டாங்க. நான்தான் தட்டல. பொய் சொல்லி உன்னை உக்கார வெச்சிட்டேன். உன் பேரையே கெடுத்துட்டேன். என்னை அடி, என்ன வேணா பண்ணு!"

ஒபதியா கப்பலைப் பார்த்தான். காதுவரை அவன் முகம் சிவந்தது. அடி விழப்போகிறது என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அவன் தலையைத் தொங்கப் போட்டிருந்தான்; இடது கை இன்னும் மேசைமேல் பரப்பியபடியே இருந்தது. வருஷக்கணக்காகக் கத்தியே பேசியவன், முதல் தடவையாக முணுமுணுத்தான்:

"மூணாவது வெடிக்கு மருந்து பத்தல, கெசியா. மேசை லேசாத்தான் அதிர்ந்துச்சு."