பில்டர் இல்லாத கேமரா

கேமராவுக்குள் சென்சாருக்கு முன்னால் இருக்கும் பில்டரைக் கழற்றிவிட்டால் படம் இன்னும் துல்லியமாக வரும் என்று யாரோ சொல்லப்போக, ஓசூர் ஸ்டூடியோக்காரர் தீர்த்தகிரி பெங்களூரு போய்க் கழற்றிவிட்டே வந்தார்.

முதல் வேலை, ஒரு கம்பெனிக்கு அடையாள அட்டைப் படங்கள். மீசை முடியை ஒவ்வொன்றாக எண்ணலாம் போலிருந்தது. அந்தப் பூரிப்பில் அவர் சட்டைகளைக் கவனிக்காமலே படங்களை அனுப்பிவிட்டார்.

அட்டைகள் வந்த அன்றே அந்தக் கம்பெனியின் எச்.ஆர். அதிகாரி சரிதா போன் செய்தாள்.

"அண்ணா, நம்ம யூனிபார்ம் பொடிக்கோடு போட்ட சாம்பல் சட்டைதானே? கார்டுல பச்சையும் ஊதாவுமா அலையடிக்குது! யூனிபார்ம் வேறன்னு கேட்டுல செக்யூரிட்டி ஒருத்தரையும் உள்ள விடமாட்டேங்கறாரு."

"பொடிக்கோட்டை லேசா மழுப்பறதுதான் மேடம் நான் கேமராவுல கழட்டின பில்டரோட வேலை. அது இல்லாததாலதான் இப்படி இல்லாத நிறமெல்லாம் வந்துடுச்சு. திரும்ப மாட்டி, சும்மாவே எடுத்துத் தர்றேன்."

"கார்டை மாத்த முடியாதுங்கண்ணா. ஹெட் ஆபீஸ்ல அப்ரூவ் பண்ணிட்டாங்க. இப்போதைக்கு எல்லாருக்கும் விசிட்டர் பாஸ் போட்டு வேலைக்கு அனுப்பறோம்."

இனி அந்தக் கம்பெனிப் பக்கமே தலைகாட்ட முடியாது என்று தீர்த்தகிரி நொந்துபோனார். அடுத்த வாரம் மறுபடி பெங்களூரு போய் பில்டரை மாட்டிக்கொண்டு திரும்பும்போது, ஓசூர் எல்லையில் ஜூஜுவாடி அருகே சரிதாவின் போன் வந்தது.

"பிரச்சினை முடிஞ்சுதுங்கண்ணா! கார்டுல இருக்கற மாதிரியே பச்சையும் ஊதாவுமா எல்லாருக்கும் புது யூனிபார்ம் தைச்சாச்சு."

தீர்த்தகிரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அப்பாடா! செக்யூரிட்டி உள்ள விட்டுட்டாருங்களா?"

"விட்டுட்டாரு. ஆனா யூனிபார்ம் மாறினா புது போட்டோ எடுத்து கார்டு போடணுங்கறது கம்பெனி ரூல். நாளைக்குக் கேமராவோட வந்துடுங்கண்ணா."