நாற்பத்தாறு அங்குலம்

கிட்ட வாருங்கள் கண்ணுகளே, காலை நீட்டி வசதியாக உட்காருங்கள். அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் முடிந்துவிடுகிற கதை ஒன்று வைத்திருக்கிறேன். சிரிப்பதா, கோபப்படுவதா என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

"மூச்சை உள்ளே இழுக்காதீங்க. சும்மா நில்லுங்க" என்றாள் தையற்காரி, புருஷன் இடுப்பில் டேப்பைச் சுற்றியபடி.

நாற்பத்தாறு. போன ஞாயிறும் நாற்பத்தாறு, அதற்கு முந்தின ஞாயிறும் நாற்பத்தாறு. ஊருக்கெல்லாம் அளவெடுத்துத் தைக்கிறவள் கை பொய் சொல்லுமா?

"டேப் சுருங்கிப் போயிருக்கும்" என்றார் அவர், கூரையைப் பார்த்துக்கொண்டு.

"டேப் சுருங்குது, நீங்க சுருங்க மாட்டேங்கறீங்க."

விஷயம் விளையாட்டில்லை. அவருக்குக் குடலிறக்கம். பன்னிரண்டு கிலோ குறைத்தால்தான் ஆபரேஷன் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம் என்று அவளிடம் தனியாகவும் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து அவள் கட்டிக் கொடுப்பதெல்லாம் வேகவைத்த காயும் உப்புக் குறைந்த சூப்பும்தான்.

டப்பா தினமும் காலியாகத்தான் திரும்பியது. ஆனால் மனுஷன் வாயைத் திறந்தால் பொரித்த கறி வாசம்! கேட்டால், "வெறும் ஏப்பம்மா" என்பார்.

சட்டை வேறு அவள் உயிரை எடுத்தது. கிடங்கு வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து சரக்குச் சீட்டு எழுதுகிறவருக்கு, வயிற்றுப் பக்கம் மட்டும் எங்கிருந்து கிரீஸ் கறை? சோப்புப் போட்டுத் தேய்த்து அவள் கை ஓய்ந்ததுதான் மிச்சம்.

எவளோ ஒருத்தி என் புருஷனுக்கு ஆசை ஆசையாய் ஆக்கிப் போடுகிறாள் என்று தையற்காரிக்குத் தோன்றிவிட்டது. தோன்றிய பிறகு ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. மறுநாள் மதியம் மெஷினை மூடிவைத்துவிட்டு நேரே கிடங்குக்கே கிளம்பிவிட்டாள்.

உள்ளே கூரை வரைக்கும் அட்டைப்பெட்டி அடுக்கு. தரையில் போட்ட மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம், பாரம் தூக்குகிற ஃபோர்க்லிஃப்ட் வண்டி இரண்டு இரும்புக் கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றது. அவள் பெட்டிகளின் மறைவிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

எவளும் இல்லை. வண்டி ஓட்டுகிறவனும் நான்கு சுமை ஆட்களும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அவள் புருஷன், விருந்துக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி. ஒருவன் முட்டையை வைத்தான், இன்னொருவன் கறித்துண்டை வைத்தான். அவள் கொடுத்தனுப்பிய சூப்பை டிரைவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்துக்கொண்டிருந்தான்.

"இன்னும் ஒரே ஒரு வாய்ண்ணே. எங்களுக்காக."

"போதும்டா, வயிறு வெடிச்சிடும்."

"அதெல்லாம் வெடிக்காது. நாங்க எதுக்கு இருக்கோம்?"

தையற்காரிக்குக் கண் கலங்கிவிட்டது. கூடப் பிறந்த தம்பிகள்கூட இப்படித் தாங்க மாட்டார்களே! போயும் போயும் இந்த மனுஷனைச் சந்தேகப்பட்டோமே என்று தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. மறைவை விட்டு வெளியே வந்தாள். அவளைப் பார்த்ததும் அவருக்குப் புரையேறியது.

"தம்பிங்களா, உங்க பாசம் எனக்குப் புரியுது" என்றாள். "ஆனா இவரு பன்னெண்டு கிலோ குறைஞ்சாத்தான் ஆபரேஷன். இனிமே எதையும் ஊட்டாதீங்கப்பா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"பன்னெண்டா!" டிரைவர் முகம் வெளுத்துவிட்டது. "அண்ணி, ரெண்டு கிலோவோட முடிச்சுக்கக் கூடாதா? டாக்டர்கிட்ட கொஞ்சம் பேசிப் பாருங்களேன்."

"இது என்ன காய்கறி வியாபாரமா, பேரம் பேச?"

"சரி, ஆபரேஷன் முடிஞ்சதும் பழையபடி ஏத்திடலாம்ல?" என்று கேட்டான் இன்னொருவன், பாவமாக.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. எவ்வளவு வெள்ளை மனசுப் பிள்ளைகள்! ஒவ்வொருவனிடமும் சத்தியம் வாங்கினாள். அவர்களும் துக்க வீட்டுக்கு வந்தவர்கள் போல ஒவ்வொருவராகக் கையில் அடித்துக் கொடுத்தார்கள்.

அந்த நேரம் பார்த்து மணி அடித்தது. ஒரு பெரிய இரும்பு இயந்திரத்தை ஏற்றிக்கொண்டு லாரி ஒன்று உள்ளே வந்து நின்றது. டிரைவர் ஓடிப்போய் ஃபோர்க்லிஃப்டில் உட்கார்ந்து, இயந்திரத்துக்கு அடியில் இரும்புக் கைகளை நுழைத்தான். நுழைத்தவன், தூக்காமல் திரும்பிப் பார்த்தான்.

"பெரியண்ணே!"

அவள் புருஷன் அவசரமாகக் கை துடைத்துக்கொண்டு ஓடினார். வண்டியின் முதுகில் ஏறி நின்று, கிரீஸ் படிந்த கம்பியை வயிற்றோடு கட்டிப் பிடித்துக்கொண்டார். இயந்திரம் லாரியிலிருந்து மெல்ல மேலே எழும்பியது.

தையற்காரி வண்டியை நோக்கி ஓடினாள். "ஆபரேஷனுக்குக் காத்திருக்கற உடம்பை வெச்சுக்கிட்டு அங்க என்ன விளையாட்டு? இறங்குங்க முதல்ல!"

அவர் பல்லிபோல ஒட்டிக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் சொன்னார்:

"முடியாதும்மா, பின்னால என் கனம் இல்லேன்னா வண்டி குப்புறக் கவுந்துடும்!"

அன்றைக்கே அவரைக் கீழே இறக்கி, கிடங்கு முதலாளியைப் பெரிய வண்டி வாங்கச் சம்மதிக்க வைத்த பிறகுதான் அவள் வீடு திரும்பினாள் கண்ணுகளே. அப்படி ஒருத்தி உங்கள் வீட்டிலும் இருக்கட்டும். உங்கள் வாசலுக்கு வருகிற அன்பெல்லாம் எடை பார்க்காத அன்பாக இருக்கட்டும்.