ஒற்றைச் செருப்புத் திருடன்

லஞ்ச ஒழிப்புப் போலீஸ் ஏட்டு சுப்பராயலு ஓய்வு பெற்றபோது அவர் மனைவி சாமுண்டீஸ்வரி ரொம்பச் சந்தோஷப்பட்டாள். அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

மனுஷன் சமையலறையில் முகாம் போட்டுவிட்டார். “சாம்பாருக்கு எதுக்கு இவ்ளோ பருப்பு? நேத்து வாங்கின தக்காளியில ஒண்ணு எங்க போச்சு?” என்று விசாரணை, குறுக்கு விசாரணை. கடைசியில் டப்பாக்களை எல்லாம் உயர வரிசைப்படி மாற்றி அடுக்கிவைத்தார். மறுநாள் காப்பியில் உப்பு.

“ஏங்க, எங்கேயாவது வேலைக்குப் போங்களேன். சம்பளம்கூட வேணாம்,” என்று சாமுண்டீஸ்வரி கையெடுத்துக் கும்பிட்டாள்.

அவரும் அலைந்தார். தாம்பரத்தில் ஒரு துணிக்கடையில் செக்யூரிட்டி வேலை கேட்டார். வயசு ஜாஸ்தி என்றார்கள். பொத்தேரியில் கல்லூரிப் பிள்ளைகள் சாலையைக் கடக்க உதவும் தன்னார்வலராகப் போய் நின்றார். “அங்கிள், ரோடு கிராஸ் பண்ணணுமா?” என்று ஒரு பெண் அவர் கையைப் பிடித்து அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டாள். அதோடு சரி. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே திரும்பி வந்து, சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அந்தச் சமயம் பார்த்து, முடிச்சூரில் அவர்கள் குடியிருந்த அடுக்ககத்தில் செருப்புகள் காணாமல் போக ஆரம்பித்தன.

அதுவும் ஜோடியாக இல்லை, ஒற்றைச் செருப்பு. சங்கச் செயலாளர் தனசிங்கின் ஆபீஸ் ஷூவில் வலது. மேல்வீட்டு ஹேமாவதியின் கல்யாணச் செருப்பில் இடது. “நம்ம பிளாக்லயே போலீஸ்காரர் இருக்காரே, அவரையே கேக்கலாமே?” என்று எடுத்துக்கொடுத்தவள் தனசிங்கின் மனைவி கிறிஸ்டினா. சுப்பராயலு சம்பளமில்லாத பாதுகாப்பு அதிகாரி ஆனார்.

கழுத்தில் விசிலோடு காலையில் இறங்கினால் சாப்பிடத்தான் மேலே வருவார். பருப்பு டப்பா பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. முகத்தில் பழைய களை திரும்பிவிட்டது.

திருடன்தான் சிக்கவில்லை. “ஒத்தைக் கால் ஆளா இருப்பானோ?” என்று ஒரு நாள் சொல்லிப் பார்த்தார்.

“வலதும் போகுது, இடதும் போகுதே சார்,” என்றார் தனசிங். அந்தக் கோணம் கைவிடப்பட்டது.

தனசிங்குக்குப் பொறுமை போய்விட்டது. “ஞாயித்துக்கிழமை மீட்டிங்ல பேசி கேமரா போட்டுடலாம். அப்புறம் வாட்ச்மேன் எதுக்கு? உங்களுக்கும் ரெஸ்ட் சார்.”

ரெஸ்ட் என்றதும் சுப்பராயலு கழுத்து விசிலை இறுகப் பிடித்துக்கொண்டார். வாட்ச்மேன் சவுரிமுத்து அழாத குறை.

“இந்த வயசுல நான் எங்க சார் போய் வேலை தேடறது? எங்க போனாலும் வூட்டுக்குப் போ பெருசுன்றான். வூட்டுக்குப் போனா இன்னாத்துக்கு வந்தேன்றா மருமவ.”

“அழாதே சவுரி. நான் புடிக்கிறேன் பார்,” என்றார் சுப்பராயலு.

லஞ்ச நோட்டில் தடவுவார்களே, அந்த வெள்ளைப் பொடியைப் பழைய சகா ஒருவரிடம் கேட்டு வாங்கினார். தொட்டவனுக்கே தெரியாது. சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் கையை விட்டால் போதும், தண்ணீர் ரோஸ்மில்க் நிறமாகிவிடும். மனைவியிடம்கூட மூச்சு விடவில்லை. புதுச் செருப்பு ஒரு ஜோடி வாங்கிப் பொடியைத் தாராளமாகத் தடவி, சனிக்கிழமை சாயங்காலம் மாடிப்படித் திருப்பத்தில் வைத்தார். பார்க்கிறவர்கள் யாரோ கோலமாவைச் சிந்திவிட்டார்கள் என்றுதான் நினைப்பார்கள்.

ஞாயிறு காலையில் ஒரு செருப்புதான் இருந்தது.

மீட்டிங்கில் டம்ளர் டம்ளராகச் சோடாத் தண்ணீர் வைத்தார். முதலில் சவுரிமுத்து விரலை விட்டார். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. “மாதாவே!” என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தனசிங் முதல் அத்தனை ஆண்களும் கையை விட்டார்கள். ஒரு டம்ளரும் நிறம் மாறவில்லை.

“லேடீஸ்?” என்றார் தனசிங்.

“லேடீஸை எதுக்கு சார் பேஜார் பண்ணிக்கிட்டு? அவங்க உண்டு, அவங்க கோலம் உண்டு,” என்றார் சுப்பராயலு.

கேமரா பேச்சு வந்ததும் பெண்கள் ஒருத்தர் பாக்கியில்லாமல் எதிர்த்தார்கள். “காலங்கார்த்தால நைட்டி மேல துண்டைப் போட்டுக்கிட்டு வாசல் தெளிக்க வரோம். அதையெல்லாம் படம் புடிப்பீங்களா?” என்று சாமுண்டீஸ்வரி கேட்டாள். நியாயம்தானே? கேமரா கைவிடப்பட்டது. சவுரிமுத்துவின் வேலை தப்பியது.

எல்லோரும் கலைந்த பிறகும் சுப்பராயலு டம்ளர்களைக் கழுவிக்கொண்டு கீழேயே இருந்தார். அந்தப் பொடி அவரை ஒருநாளும் கைவிட்டதில்லை. அவமானமாக இருந்தது. ஓசைப்படாமல் வீட்டுக்குள் வந்து, முகம் கழுவக் குளியலறைக்குப் போனார்.

சாமுண்டீஸ்வரி துணிகளைச் சோப்புத் தூளில் ஊறவைத்திருந்தாள். காலையில் நைட்டி மேல் அவள் போட்டிருந்த வெள்ளைத் துண்டு வாளியில் மிதந்தது. அதன் நடுவில் செருப்பு அளவுக்கு ஒரு ரோஸ் திட்டு. வாளித் தண்ணீர் ரோஸ்மில்க்.

அவர் கை தானாக விசிலுக்குப் போனது. அப்போது சமையலறையில் கிறிஸ்டினாவின் குரல் கேட்டது.

“அக்கா, எங்க வீட்டுக்காரருக்கு இந்த மாசத்தோட சர்வீஸ் முடியுது. நேத்தே மிளகாய்த்தூளை மோந்து பாத்துட்டு எப்ப அரைச்சதுன்னு கேக்கறாரு. எனக்கு பகீர்னு ஆயிடுச்சு.”

சுப்பராயலுவுக்கு முதலில் கோபம் வந்தது. அப்புறம் அந்த உப்புக் காப்பி ஞாபகம் வந்து, சிரிப்பை அடக்க முடியவில்லை. விசிலைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, வந்த வழியே பூனை மாதிரி வெளியேறினார்.

கதவைச் சாத்தும்போது மனைவியின் பதில் காதில் விழுந்தது:

“பயப்படாத கிறிஸ்டினா. ரெண்டு ஆபீஸருக்கு செருப்பு மட்டும் பத்தாது, அடுத்த மாசத்துலேர்ந்து பூந்தொட்டியையும் சேத்துத் திருடுவோம்.”